ஆபேலின் காலும் அன்னமேரியின் தோசைக்கல்லும்

தோசைக்கல்லை ஆபேல் எடுத்துக்கொண்டு போனான் என்பது உண்மை. அதை யார் மறுத்தார்கள்? பட்டப்பகலில், தெருவே பார்க்க, கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனான். ஆனால் பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விட்டான் என்று பிலிப்ராஜ் மளிகைக்கடையில் நின்று பேசுகிறார்களே, அவர்களை ஒன்று கேட்கவேண்டும். வீட்டை விட்டுப் போகிறவன் தோசைக்கல்லை மட்டுமா எடுத்துப்போவான்? குக்கர் இருந்தது, மிக்சி இருந்தது, போன தீபாவளிக்கு வாங்கிய மேசைவிசிறி இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு ஒரு இரும்புத் தகட்டோடு ஓடுகிறவன் எங்கேயாவது உண்டா? அன்று சாயங்காலமே அவன் திரும்பி வந்ததைப் பார்த்தவர்களும் இதே ஆட்கள்தான். அதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு கதை கட்டியிருந்தார்கள். ஆபேலுக்குக் கால் நடுக்கம் வந்துவிட்டது, மலை இறங்கும்போது பயத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதே இல்லை, அவன் வண்டியில் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஜெபம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்று. இரண்டும் ஒரே கடையில் பிறந்த கதை. இரண்டுக்கும் பதில் அந்தத் தோசைக்கல்தான். அது இன்றைக்கும் மலைப்பாதையில் ஊற்று வளைவில், கன்னியம்மாள் டீக்கடைச் சுவரில், வளைந்தபடியே ஆணியில் தொங்குகிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். போகமுடியாதவர்கள் உட்கார்ந்து கேளுங்கள். பாதியில் எழுந்து போகக்கூடாது. பாதி கேட்டுப் போனவர்களால்தான் இத்தனை வினையும்.

ஆபேலுக்கு நாற்பத்தாறு வயது. ஜமுனாமரத்தூரில் தனசேகரனுடைய வாடகைக் காரை ஓட்டுகிறவன். மலையில் யாருக்கு வலி கண்டாலும், யாருக்கு ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுத்திருந்தாலும், அமிர்தி வழியாக வேலூருக்கு இறக்கிவிட அவனைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கர்ப்பிணியை ஒரு குலுக்கல் குலுக்கியதில்லை. அந்தப் பெயர்தான் அவனுடைய சொத்து. வேறு நிலமோ நீச்சோ கிடையாது. அந்தப் பெயர் போனால் சாவியும் போகும், சோறும் போகும்.

ஆனால் அவனிடம் ஒரு குறை இருந்தது, மறைப்பதற்கில்லை. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். பிறவியிலிருந்தே அப்படி. ஓர் இடத்தில் நிலையாக இருக்கத் தெரியாதவன். சாப்பிடும்போது ஆடும், டிவி பார்க்கும்போது ஆடும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டுவிட்டால் பெஞ்சே ஆடும். அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் பிலிப்ராஜ் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்ப்பார். அன்னமேரி புருஷன் முழங்காலில் கையை வைத்து அழுத்துவாள். கை வைத்த பிறகுதான் கால் ஆடியது ஆபேலுக்கே தெரியும்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் அந்தக் கால் அடங்கிவிடும். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டுவிட்டு, இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ள, வளைவு வரும்போது மட்டும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்குவான். காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தபடியே இறங்குகிறவர்களைக் கண்டால் அவனுக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவனைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

முதலில் அவன் ஓட்டியது தனசேகரனுடைய அப்பா காலத்துக் கார். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சக்கரத்துக்குள் மூடிபோட்ட அண்டா மாதிரி ஒன்று சுற்றும். மிதித்தால் உள்ளே இருக்கிற இரண்டு கட்டைகள் அகன்று அண்டாவின் உள்பக்கத்தைப் போய் அழுத்தும். மூடிய பாத்திரம் என்பதால் சூடு வெளியே போக வழி கிடையாது. எவ்வளவு பதமாக ஓட்டினாலும் ஏழெட்டு வளைவு இறங்குவதற்குள் உள்ளே கொதித்துப்போகும். பிரேக் மிதி ஆழத்துக்குப் போகும், வண்டி பிடிக்காது. ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் இன்னொரு தொல்லை. உள்ளே புகுந்த ஈரம் காயும்வரை கட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் ஊற்று வளைவில் எல்லா வண்டியும் நிற்கும். பாறையிலிருந்து பன்னிரண்டு மாதமும் தண்ணீர் கசிகிற இடம். அங்கே டீக்கடை போட்டிருக்கும் கன்னியம்மாள் வண்டிச் சத்தம் கேட்டவுடனே குடத்தோடு வந்துவிடுவாள். நாலு சக்கரத்துக்கும் நாலு வீச்சு. புஸ்ஸென்று ஆவி எழும். பிறகுதான் டிரைவருக்கு டீ. மற்ற டிரைவர்கள் கேட்டால் ஊற்றுவாள், ஆபேலுக்குக் கேட்காமலே ஊற்றுவாள். அவள் மகளைப் பிரசவத்துக்கு வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன். அந்த நன்றியை அவள் குடத்தில்தான் காட்டினாள்.

போன தை மாதம் தனசேகரன் பழைய காரை விற்றுவிட்டு ஒரு புதுக் கார் வாங்கினார். முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க் பிரேக், பின்சக்கரம் இரண்டிலும் டிரம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு, அவ்வளவுதான். மூடி கிடையாது. மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் என்கிற இரண்டு கட்டைகள் வந்து, அப்பளத்தை இரண்டு விரலால் பிடிப்பதுபோலப் பிடிக்கும். காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் சூடு தானாகத் தணியும். ஈரம் பட்டாலும் நாலு சுற்றில் உதறிவிடும். மலைப்பாரத்தைப் பிடிக்க முன்னால் தட்டு, நிறுத்திவைத்த வண்டி நகராமல் ஹேண்ட்பிரேக் இழுக்கப் பின்னால் அண்டா. நாலு நாள் ஓட்டிவிட்டு ஆபேல் வீட்டுக்கு வந்து, "மேரி, கால வெக்கறதுக்கு முன்னாலயே நிக்குது," என்றான். அன்றைக்கு அவன் கால்கூட ஆடவில்லை என்று அன்னமேரி சொல்வாள்.

ஆறு மாதம் அப்படி ஓடியது. ஆனி கடைசியில் ஒரு நாள், ஊற்று வளைவு தாண்டி இறங்கும்போது, பிரேக்கைத் தொட்டதும் மிதி காலுக்கடியில் படபடவென்று துடித்தது. ஸ்டீயரிங்கும் கையில் நடுங்கியது. முன்சீட்டில் இருந்தவள் ஷோபனா. ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், வெள்ளிக்கிழமைதோறும் வேலூருக்குப் போகிறவள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

"அண்ணே, ஒடம்பு சரியில்லையா? காலு நடுங்குதே."

"காலு இல்லம்மா, மிதி," என்றான் ஆபேல்.

பின்சீட்டில் இருந்த காதுகளுக்கு அவள் கேள்வி மட்டும்தான் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு ஆடியபோது பிலிப்ராஜ் கண்ணாடியைத் துடைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு ஆபேலின் காலைக் காட்டினார்.

தனசேகரன் வண்டியைக் கடைத்தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மெதுவாகப் போனால் தெரியாது, வேகத்தில் பிடித்தால்தான் தெரியும் என்று ஆபேல் சொல்லி, மலைக்குக் கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினான். அங்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன், "தட்டு கோணிப்போச்சு. பிரேக்ல கால வெச்சுனே எறங்கினா சூடேறி இப்பிடித்தான் ஆவும்," என்றான். அவனுக்கு ஆபேலைத் தெரியாது. பத்துப் பேரைப் பார்த்து ஒரு பதில் வைத்திருப்பான், அதைச் சொன்னான். ஆனால் அது தனசேகரன் காதில் விழுந்து, அங்கிருந்து கார் ஸ்டாண்டுக்கு வந்து, ஸ்டாண்டிலிருந்து மளிகைக்கடைக்குப் போய்விட்டது.

புது டிஸ்க் போட்டார்கள். இருபது நாள் வெண்ணெய் மாதிரி நின்றது வண்டி. இருபத்தோராம் நாள் மறுபடியும் மிதி துடித்தது.

"டிஸ்க்க மாத்தியாச்சு ஆபேலு," என்றார் தனசேகரன். "கால எந்தக் கடையில வாங்கறது?"

ஸ்டாண்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆபேலும் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்தவன் உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். ஏன் தெரியுமா? ஊர் சொன்னதற்காக இல்லை. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோயிலில் தன் கால் ஆடுவது தனக்குத் தெரிவதில்லை. அன்னமேரி கை வைத்தால்தான் தெரிகிறது. அப்படியானால், தனக்குத் தெரியாமல் ஆடுகிற கால், தனக்குத் தெரியாமலே பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டிருக்குமோ? இருபத்திரண்டு வருடம் நம்பின காலை அவன் அந்நியன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அன்னமேரியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். தையல் மிஷினிலிருந்து நிமிராமல், "ஒரு வாட்டி டாக்டராண்ட கால காட்டிடுங்களேன்," என்றாள். தனசேகரன் சொன்னது தோலில் பட்டது. இது உள்ளே போனது.

அவன் சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினான். அமிர்தி தாண்டிச் சமதரையில் இடது காலால் மிதித்துப் பார்த்தான், அப்போதும் துடித்தது. ஆளில்லாத நேராக ஓடுகிற சாலையில் காலை மடக்கிச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்தான். அது பின்சக்கரத்து டிரம்மை மட்டும் பிடிக்கும். ஒரு நடுக்கம் இல்லை, வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. அப்படியானால் அண்டா நன்றாக இருக்கிறது, தட்டுதான் கோணல். சரி, தட்டு ஏன் கோணுகிறது? அங்கேதான் மறுபடியும் கால் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஷோபனாவிடமே கேட்டான். "டீச்சரம்மா, ஒரு ஒதவி. ரோட்ட பாக்காதீங்க. எறங்கறவரைக்கும் என் கால மட்டும் பாருங்க."

அவள் முதலில் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியென்று குனிந்து உட்கார்ந்தாள். மலை முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டு வந்ததில் அவளுக்கு வாந்தி வராத குறை. ஊற்று வளைவில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு சொன்னாள். "வளைவுல மட்டும்தாண்ணே தொட்டீங்க. மத்த நேரம் காலு கீழதான் இருந்துச்சு. ஆடக்கூட இல்ல."

அப்போது கன்னியம்மாள் குடத்தோடு வந்தாள். நாலு வீச்சு. சக்கரத்து ஓட்டைகள் வழியாகப் புஸ்ஸென்று ஆவி வந்தது. ஆபேல் அதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருடமாகப் பார்க்கிற ஆவிதானே.

தோன்றியது மறுநாள் காலையில், அடுப்படியில். தண்ணீர் மொண்டு குடிக்கப் போனான். பானையின் மேல் மூடியாகப் பழைய தோசைக்கல் கிடந்தது. கை பட்டதும் டக் டக்கென்று ஆடியது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பியது. ஆபேல் டம்ளரை வைத்துவிட்டு, விரலால் அதை அழுத்தி அழுத்தி விட்டான். டக் டக். டக் டக். காலுக்கடியில் மிதி துடித்ததும் இதே மாதிரிதான்.

"மேரி, இது எப்ப வளைஞ்சுது?"

"எல்லாம் உங்களாலதான். வேலூர் டிரிப்புன்னு அவசரப்படுத்தினீங்க இல்ல, அன்னிக்கு. அடுப்புலருந்து எறக்கன சூட்டோட தண்ணிய ஊத்தி கழுவனேன். டப்புனு ஒரு சத்தம். அதோட போச்சு, மாவு ஊத்தனா ஒரு பக்கமா ஓடுது."

"சூடா இருக்கற அண்டா மேல தண்ணி ஊத்துனா?"

"அது இன்னா ஆவும்? கனமா, மூடி கெடக்கறது. ஆறும், அவ்ளோதான்."

ஆபேல் தண்ணீர் குடிக்க மறந்துபோய் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

அங்கே நடந்ததைச் சொன்னால் கோபம்தான் வரும். பழைய வண்டியில் நாலும் மூடின அண்டா, அதன் தலையில் ஊற்றினால் சூடு தணியும், தணியாவிட்டால் வண்டி பிடிக்காது, அதனால் அன்றைக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. இன்றைக்கு முன்னால் இருப்பது திறந்த தட்டு. தானாக ஆறுவதைத் தண்ணீர் ஊற்றிச் சுருங்கவைக்கிறோம், அதனால் வளைகிறது என்று தனசேகரனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

அதே ஸ்டாண்டில் வேறொரு வண்டி ஓட்டிக்கொண்டு அவன் சாவிக்காகக் காத்திருந்த ராஜேஷ், இருபத்தைந்து வயதுப் பையன், "ணா, நாப்பது வருஷமா ஊத்தறாங்க. எந்தச் சக்கரம் வளைஞ்சுது?" என்றான்.

"நாப்பது வருஷமா டிரம்முடா. இது டிஸ்க்கு."

"அப்ப நான் மட்டும் இன்னா, பறந்தா போறேன்? என் வண்டியிலயும் டிஸ்க்குதான்."

"நீ ஊத்துல நிக்கறதே இல்ல. நின்னாதான கன்னியம்மாக்கா ஊத்தும்?"

தனசேகரன் பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நேத்து டிஸ்க்குன்ன. இன்னிக்கு தண்ணின்ற. நாளைக்கு இன்னா, காத்தா? புதன்கிழம வேற டிஸ்க் போட்டு வண்டி வருது. இதான் கடைசி. இன்னொரு வாட்டி மிதி ஆடுச்சுன்னா சாவிய ராஜேஷாண்ட குடுத்துட்டு போய்ட்டே இரு."

ஊற்றில் நிற்காமல் போய்விட்டால் தீர்ந்ததே என்பீர்கள். ராஜேஷ் போகலாம், அவன் ஏற்றுவது சுற்றுலா வருகிறவர்களை. ஆபேல் ஏற்றுவது நோயாளிகளை. அத்தனை வளைவு இறங்கியதும் கர்ப்பிணிக்குத் தலை சுற்றும், கிழவிகளுக்குக் குமட்டும். வண்டியை ஒதுக்கி நிறுத்த இடமும், வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் அங்கே விட்டால் அடிவாரத்தில்தான்.

கன்னியம்மாளிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னான். திங்கட்கிழமை இறங்கும்போதே சொன்னான். "அக்கா, இனிமே சக்கரத்துக்குத் தண்ணி வேணாம்."

"தண்ணி வேணாமா, நான் வேணாமா?"

"அது இல்லக்கா. சூட்டுல ஊத்தனா இரும்பு வளைஞ்சுடுது."

"இந்தத் தண்ணியா? தம்பி, நான் பொறந்ததுலருந்து இதத்தான் குடிக்கறேன். நான் வளைஞ்சா பூட்டேன்?"

அதற்குள் வண்டியில் இருந்த பாட்டி வாந்தி எடுக்க, அவள் தலையைப் பிடித்துக்கொள்ள ஓடினான். பின்னால் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கன்னியம்மாள் காலிக் குடத்தோடு நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு. கூச்சப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்கிறான் என்று நினைத்துவிட்டாள், பாவம். வந்தவர்களுக்குச் சோறு வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி போடுகிறவள் அவள். அந்தக் கையைச் சொல்லால் நிறுத்தமுடியாது என்று ஆபேலுக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை. கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. மறுநாள் அது புதுத் தட்டோடு வந்துவிடும், கடைசித் தட்டு. ஆபேல் விடிந்ததிலிருந்து நடந்துகொண்டே இருந்தான். சட்டை போட்டான், கழற்றினான், மறுபடியும் போட்டான். பத்து மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அடுப்படிக்குள் போனான். பானை மேல் இருந்த வளைந்த தோசைக்கல்லை எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டான். பை பத்தவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அன்னமேரி மிஷினை நிறுத்தினாள். "எங்க தூக்கினு போறீங்க அத?"

"ஊத்துக்கு. கன்னியம்மாக்காவாண்ட காட்றதுக்கு."

"காட்டி?"

"இப்பிடித்தாங்க்கா வளையுது, எங்கூட்டுலயே வளைஞ்சுதுன்னு சொல்லப்போறேன்."

அன்னமேரி எழுந்து வந்து பையிலிருந்து கல்லை வெளியே எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தச் சமயத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான், நின்றபடியே கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கை வைக்கவில்லை.

"இத காட்டினா நம்புமா அது? யார் வூட்டுலயோ யார் மேலயோ கோவத்துல நசுக்கனதுன்னு சொல்லும்."

கல்லைப் பானை மேலேயே வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள். அங்கே புதுக்கல் இருந்தது. மாரியம்மன் பண்டிகைச் சந்தையில் வாங்கியது. இரண்டு மாதம் எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துத் தேய்த்துப் பழக்கி, போன வாரம்தான் தோசை ஒட்டாமல் வர ஆரம்பித்திருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அதில் முதல்முறை முறுகலாக ஒன்று எடுத்தபோது, தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். அந்தக் கல்லை எடுத்தாள். முந்தானையால் எண்ணெயைத் துடைத்தாள். கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"இது நல்லது. தரையில வெச்சா அசையாது. கன்னியம்மாக்கா கண்ணு முன்னால வெச்சு காட்டுங்க. அதோட அடுப்புலயே வெச்சு, நல்லா சூடு ஏத்தி, அதோட கொடத்துலருந்து, அதோட கையாலயே ஊத்தச் சொல்லுங்க."

"மேரி, இது வளைஞ்சுடும்."

"வளையணும்."

அவ்வளவுதான் சொன்னாள். டாக்டரிடம் காட்டச் சொன்னாளே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. ஆபேல் மஞ்சப்பையை மடித்து வைத்தான். கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினான். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. ஆனாலும் அவனால் நிற்கமுடியவில்லை. வாசற்படி தாண்டி இறங்கி வேகமாக நடந்தான்.

எதிர்ச்சாரியில் பிலிப்ராஜ் அப்போதுதான் கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டு பெண்கள் குழாயடியில் நின்றார்கள். அன்னமேரி வாசற்படியில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போகிறவன் முதுகைப் பார்த்துத் தெருவே கேட்கச் சொன்னாள்:

"அது வளையாம திரும்பி எடுத்துனு வந்தீங்க, வூட்டுக்குள்ள வராதீங்க."

ஆபேல் திரும்பிப் பார்க்காமல் கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தை நோக்கிப் போனான்.